செதில் தாமரை

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'கைவினை நாள்' என்று ஒன்று நடத்தினார்கள். கே.கே. நகரில் இப்போது இப்படி ஏதாவது ஒன்று வாராவாரம் நடக்கிறது. வாழ்த்து அட்டை செய்யும் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. பூ வெட்டியே இருந்தது. இலை வெட்டியே இருந்தது. பின்பக்கம் பசை தடவியே இருந்தது. பிள்ளைகள் தாளை உரித்து ஒட்டினார்கள், அவ்வளவுதான். 'கையால் செய்தது' என்று அச்சடித்த ஸ்டிக்கரும் அதே பெட்டியில் இருந்தது. அதையும் ஒட்டினார்கள். ஒரு தாய் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, உங்க காலத்துல இந்த மாதிரியெல்லாம் ஏது, பாவம்" என்றாள்.

பாவம் என்று நான் பார்க்கப்படுவது இது முதல் தடவை அல்ல. நம் ஓய்வூதியர் சங்க மலரைப் படிக்கும் உங்களுக்கும் இது பழகியிருக்கும். நேரே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் என் மூக்கில் ஏறியது பழைய வஜ்ரப் பசையின் நாற்றம். அந்த நாற்றத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பசியோடு இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம்.

நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. தாத்தா இறந்தபின் எங்களோடு வந்துவிட்டாள். தையல், கைவேலைப் பரீட்சைகளில் தேறியிருந்தாள். வேலை இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. இந்த இரண்டையும் அப்பா சாப்பாட்டு நேரத்தில் சேர்த்தே சொல்லுவார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். வேலை கிடைச்சா சரி. இல்லன்னா திண்டுக்கல்காரருக்கு சரின்னு சொல்லிட வேண்டியதுதான்."

திண்டுக்கல்காரர் மனைவியை இழந்த ரயில்வே கார்டு. பெரிய பிள்ளைகள் இருந்தார்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்து, சித்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தம்ளரின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கினார். அதைப் பார்த்த நாளிலிருந்து சித்தியைவிட எனக்குத்தான் அந்தக் கல்யாணத்தின் மேல் பயம்.

சித்திக்குத் தெரிந்த ஒரே தப்பும் வழி காகிதம். கிளேஸ் பேப்பரை மடித்து நறுக்கிப் பிரித்தால் மேசைவிரிப்புப் போல விரியும். க்ரேப் பேப்பரை விளக்குமாற்றுக் குச்சியில் சுருட்டி நெருக்கி உருவினால் ரோஜா இதழின் சுருக்கம் விழும். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போன பழைய வாழ்த்து அட்டைகளிலிருந்து தேவதைகளை வெட்டியெடுத்துப் புது அட்டையில் குடியேற்றுவாள். திறந்தால் எழுந்து நிற்கும் தொழுவம், இழுத்தால் கண் திறக்கும் குழந்தை, காலண்டர் படங்களும் காய்ந்த இலைகளும் ஒட்டிய ஆல்பம் எல்லாம் செய்வாள். பசைக்கு மைதாவைக் காய்ச்சிப் பூச்சி வராமல் மயில்துத்தம் கலப்பாள். இரண்டாம் நாள் அந்தச் சட்டி புளித்துக் குமட்டும்.

இதெல்லாம் எல்லோரும் செய்தது. சித்தி மட்டும் செய்தது மீன் செதில் பூ.

செய்முறையைச் சொல்கிறேன். காந்தி மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் கழித்துப் போடும் குவியலிலிருந்து கட்லா மீனின் பெரிய செதில்களைப் பொறுக்க வேண்டும். கல்லுப்புப் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். சுண்ணாம்புத் தெளிவில் ஊறப்போட்டு, மேலே படிந்த தோலைக் கத்தியின் முதுகால் வழிக்க வேண்டும். படிகாரத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உலரும்போது அது தானாக உள்ளே வளையும். அந்த வளைவுதான் இதழ். நுனியைக் கத்தரித்து, சாயம் வேண்டுமானால் தோய்த்து, நடுவில் பாசிமணி வைத்து, வெல்வெட் பேப்பரின்மேல் வஜ்ரத்தால் ஒட்ட வேண்டும்.

முடிந்தபின் அதைப் பார்த்தவர்கள் கண்ணாடி என்பார்கள், அப்பிரகம் என்பார்கள். முடிவதற்கு முன் எங்கள் கொல்லையைப் பார்த்திருக்க வேண்டும். ஈ, காகம், குவார்ட்டர்ஸ் பூனைகள் அத்தனையும் கூடும். வஜ்ரம் தனியாக அடுப்பில் கொதிக்கும். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை அது. அதன் ஆவி துணியில் ஏறினால் இரண்டு வெளுப்புக்குப் போகாது. பள்ளியில் ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து, "என்னடி இது, நகமா?" என்றாள். செதில். அன்றைக்கு மதியச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

அந்த ஆவணியில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் கைவேலை ஆசிரியை இடம் காலியாவதாக அப்பா கேள்விப்பட்டார். பள்ளிக் கமிட்டி பெயருக்குத்தான், தலைமையாசிரியை சொன்னால் சொன்னதுதான் என்றார்கள். உத்தரவீதியில் இருந்த அந்த அம்மாள் வீட்டுக்கு அப்பா சித்தியை அழைத்துப் போனார். என்னையும் கூட்டிப் போனார்கள். குழந்தை உடன் இருந்தால் மனம் இளகும் என்பது அப்பாவின் கணக்கு.

சித்தி ஒரு பெரிய அட்டையை நீட்டினாள். நவராத்திரி வாழ்த்து. கருநீல வெல்வெட்டின்மேல் வெள்ளைத் தாமரை. அட்டையைத் திறந்தால் தாமரையும் அடுக்கடுக்காய்த் திறந்து எழும். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். இப்படி ஒரு வேலையைப் பார்த்தால் சந்தோஷப்படத் தெரிந்த மனுஷி அவர். அதை நான் மறுக்க மாட்டேன்.

"அடடா! நெட்டி வேலையா? நெட்டியிலே இந்த மினுமினுப்பு நான் பார்த்ததே இல்லையே!"

நெட்டி என்பது தண்ணீரில் வளரும் செடித் தண்டின் வெண்ணிறத் தக்கை. தஞ்சாவூர்ப் பக்கம் அதில் மாலையும் கோயில் பொம்மையும் செய்வார்கள். சித்தி வாயைத் திறந்தாள். அவள் பேசுமுன் அப்பா பேசிவிட்டார்.

"ஆமாங்க டீச்சர். நெட்டிதான். சுத்தமான நெட்டி."

பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை எனக்கு மனப்பாடம் செய்வித்தவர் அவர்தான். தப்பினால் முட்டிபோட வைப்பார். அன்று அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது சித்தி கேட்டாள்:

"அத்தான், ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? பெருமாள் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு மீன் செதில்னு சொல்லவா? வேலை வேணுமா, வேணாமா?"

"கேட்டா நான் என்ன சொல்றது?"

"யாரு கேக்கப் போறா? பூவைப் பாப்பாங்களா, மோந்து பாப்பாங்களா?"

நவராத்திரி வந்தது. தலைமையாசிரியை கொலுவுக்கு அழைத்து ஆள் அனுப்பினார். வேலை ஏறக்குறைய முடிந்தது என்று அப்பா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அம்மா, சித்தி, நான் மூவரும் போனோம். காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. கூடத்தில் ஈரமும் சாம்பிராணியும் பெண்களுமாக நெரிசல். கொலுவின் மேல்படியில் கலசம். கலசத்தை ஒட்டி, திறந்து நிமிர்ந்து, சித்தியின் தாமரை.

சித்தி என் கையை இறுக்கினாள். அம்மா தலைகுனிந்து சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள், இல்லாத பசியோடு.

தலைமையாசிரியை எல்லோருக்கும் சித்தியைக் காட்டினார். "இவதான் பண்ணினா. நம்ம ஸ்கூலுக்கு வரப்போறா. முந்தாநாள் மெட்ராஸிலேருந்து சம்பந்தியாத்துக்காரா வந்தா, பாருங்கோ, இந்தத் தாமரையை விட்டு நகரவே மாட்டேன்னுட்டா!"

அப்போதுதான் பூனை வந்தது. அந்த வீட்டுப் பூனைதான், தயிர்சாதத்தில் வளர்ந்தது. கொல்லைப்பக்கமிருந்து வந்து கொலுவின் அடியில் நின்று மூக்கைத் தூக்கியது. பிறகு படியேறியது. செட்டியாரைத் தாண்டியது, ராமர் பட்டாபிஷேகத்தைத் தாண்டியது, ஒரு பொம்மை அசையவில்லை. மேலே போய் கலசத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் இதழைப் பல்லால் பிய்த்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

முதலில் சிரித்தார்கள். "பாருங்கோடி, நெட்டி திங்கறது இது!" என்றாள் ஒருத்தி. "தயிர்சாதம் அலுத்துப் போச்சு போலிருக்கு!" என்றாள் இன்னொருத்தி. தலைமையாசிரியையின் நாத்தனார் பூனையை விரட்டிவிட்டு அட்டையை எடுத்தார். கூர்மையான மூக்கு அவருக்கு. அதை உபயோகித்தார்.

"மன்னி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்கோ."

தலைமையாசிரியை முகர்ந்தார். சிரிப்பு நின்றது. சித்தியைப் பார்த்து, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்:

"என்னதும்மா இது?"

அம்மா சித்தியின் முந்தானையை இழுத்தாள். சித்தி சொல்லிவிட்டாள்.

"மீன் செதில், டீச்சர்."

ஒரு நிமிஷத்தில் ஒரு கூடம் எப்படி மாறும் என்பதை அன்று பார்த்தேன். இத்தனை நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்த கைகள் புடவையில் துடைத்துக்கொண்டன. "பெருமாளே, கலசத்துக்குப் பக்கத்துல வச்சு இத்தனை நாளா தீபாராதனை பண்ணியிருக்கோமே!" என்றார் நாத்தனார். யாரோ வாந்தி எடுப்பதுபோல் ஓங்கரித்தார்கள். நேற்றுவரை அழகாயிருந்த பொருள் இன்றும் அதே அழகோடு நாத்தனார் கையிலிருந்து தரையில் விழுந்தது. ஒரு துடைப்பத்தால் அதை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். சித்தி குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். படிகாரத்தில் அலசி உலர்த்திய செதிலுக்கு வாசனை கிடையாது. மழை ஈரத்தில் இளகி நாறியது வஜ்ரம். அந்தக் காலத்தில் தச்சன் செய்த எந்த மரச்சாமானையும் ஒட்டியது அதே வஜ்ரம்தான். அந்த வீட்டு ஊஞ்சற்பலகையிலும், அநேகமாகப் பெருமாள் படத்தின் சட்டத்திலும் அது இருந்திருக்கும். அவற்றைப் பூனை மோந்து பார்க்கவில்லை, ஆகவே அவை சுத்தம்.

அந்த வீட்டாரை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அது. பூஜைக்கு ஆகாத பொருளைப் பூஜையில் வைத்துவிட்டோம் என்று பதறியதில் ஒரு நியாயமாவது இருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததற்கு என்ன நியாயம்? அப்பா மறுநாளே ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு உத்தரவீதிக்குப் போனார். போய்வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்:

"சத்தியமா எனக்கே தெரியாதுங்க டீச்சர், என்னையும் ஏமாத்திட்டான்னு சொல்லிட்டேன். நம்ம மேல கோவம் இல்ல."

சித்தி அடுப்படியில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். மாலையில் செதில் வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்துப் போய் ரயில்வே மைதானத்துக் குப்பையில் கொட்டினார். "வீடே நாறுது" என்றார். வாரம் தவறாமல் கட்லா குழம்பு கேட்கிறவர், தட்டின் ஓரத்தில் முள்ளைக் குவிக்கிறவர், மீன் நாற்றம் தாங்கவில்லை என்றார். எனக்கு அன்றைக்கு வந்த குமட்டல் வஜ்ரத்தால் வந்ததல்ல.

பள்ளியிலிருந்து தகவல் வந்தது: கைவேலை ஆசிரியை பணியிடத்துக்கு இவ்வாண்டு அனுமதி இல்லை. நான் பிற்பாடு கல்வி அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டினவள். ஏற்கெனவே ஆள் இருந்து ஓய்வு பெற்ற இடத்துக்குப் புதிதாக அனுமதி தேவையே இல்லை. நிர்வாகம் நியமிக்கும், அலுவலகம் ஒப்புதல் தரும். அனுமதி இல்லை என்று எழுதினால், ஆளைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அவர் திண்டுக்கல்லுக்கு எழுதிப் போட்டுவிட்டார். கிறிஸ்மஸ் கழித்து வந்து பேசுவதாகப் பதில் வந்தது. சித்தி அந்த ஆண்டு வீட்டுக்கு நட்சத்திரம்கூடக் கட்டவில்லை. கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள். அம்மாவுக்கு எதிலும் பேசாமல் இருக்கத் தெரியும்.

மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வாடகை டாக்சி வந்து நின்றது. தலைமையாசிரியை இறங்கினார். தனியாக வந்திருந்தார். அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டியபடி ஓடினார். இருந்த நல்ல நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் தட்டிப் போட்டார். அந்த அம்மாள் அதன் நுனியில் உட்கார்ந்தார். அடுப்படியைப் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தையிலே என் பொண்ணுக்கு விவாகம். அன்னிக்குக் கொலுவுலே பார்த்தாளே சம்பந்தியம்மா, அவா சீர்தட்டுக்கெல்லாம் அதே மாதிரித் தாமரை வேணும்கறா. கல்யாண ஆல்பத்துக்கு மேலட்டையிலேயும் வேணுமாம். பூனை விஷயமெல்லாம் அவாளுக்குத் தெரியாது."

"அதுக்கென்னங்க டீச்சர், நெட்டியில செய்யச் சொல்றேன்" என்றார் அப்பா.

"நெட்டியிலே பண்ணிப் பார்த்தாச்சு. தஞ்சாவூருக்கே ஆள் அனுப்பினேன். மினுமினுப்பு வரலை. அவாளுக்கு அந்த மினுமினுப்புதான் வேணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "மேடையிலே பூஜைக்கு ஒண்ணும் வைக்கப் போறதில்லை. தட்டுதானே. நெட்டின்னே இருக்கட்டும். ஸ்கூல் விஷயமும்... கமிட்டியிலே நான் மறுபடி சொல்லிப் பார்க்கறேன்."

அப்பாவின் முகம் திருநாள் முகம் ஆனது. "செஞ்சிடுவா டீச்சர். நாளைக்கே நானே மார்க்கெட்டுக்குப் போயி அந்த... அந்தச் சாமானை வாங்கிட்டு வந்துடறேன்."

சித்தி கதவோரம் நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"செய்யறேன் டீச்சர். எதுல செய்யணும்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க."

"அதுலேதான். அன்னிக்குப் பண்ணினியே."

"அன்னிக்கு எதுல பண்ணினேன்?"

"ஏய், என்ன பேச்சு இது?" என்றார் அப்பா.

"நீங்க இருங்க அத்தான். அன்னிக்கு நீங்க நெட்டின்னீங்க. அப்பறம் எனக்கே தெரியாதுன்னீங்க. ரெண்டும் என் தலையிலதான் விழுந்துச்சு." சித்தி தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள். "ஊருக்கு நீங்க நெட்டின்னு சொல்லிக்குங்க டீச்சர், நான் வந்து மறுக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட நீங்க கேக்கறது என்னன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லணும். நாளைக்கு ஏமாத்திட்டாங்கற பேரு எனக்கு வேண்டாம்."

தலைமையாசிரியை வாசலைப் பார்த்தார். டாக்சிக்காரன் பீடி பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றான். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மீன்."

சித்தி காத்திருந்தாள்.

"மீன் செதில்."

"சரிங்க டீச்சர். கமிட்டியில சொல்லிப் பாக்க வேண்டாம். வேலைக்கான ஆர்டரை அனுப்புங்க. அது கைக்கு வந்த அன்னிக்கே செதிலை ஊறப்போட்டுடறேன்."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின்மேல்தான் சித்தி ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை ஊன்றி நின்றது. திண்டுக்கல்லுக்கு அப்பா வேறு விதமாக எழுதிப் போட்டதும் அதனால்தான். ஆனால் அன்று பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நண்பர்களே. அதற்குக் காரணம் அடுத்து நடந்தது.

தலைமையாசிரியை எழுந்தார். தண்ணீர் வேண்டும் என்றார். அம்மா எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கவில்லை. "குழாய் எங்கே இருக்கு?" என்று கேட்டு, கொல்லைக்குப் போனார். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடி கொப்பளித்தார். தொண்டைக்குள் தண்ணீரை உருட்டிக் காறித் துப்பினார். வாய்க்குள் போனது மீன் அல்ல, அதன் பெயர் மட்டுமே. பிறகு முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டு வந்து, சித்தியிடம் சிரித்த முகமாகக் கேட்டார்:

"பொங்கலுக்குள்ளே ஆயிடுமோன்னோ?"

அப்பா டாக்சிக் கதவைத் திறந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று, வண்டி தெருமுனை திரும்பும்வரை கும்பிட்ட கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பியதும் சிரிப்பை எடுத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அது போதவில்லை. இன்னொரு வாளி ஊற்றி, துடைப்பத்தை எடுத்து, அந்த அம்மாள் துப்பிய இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.